பழைய கார் வாங்கும் முன்: அறிகுறியை வைத்து எஞ்சின் கோளாறைப் பிரித்தறிவது

பெயிண்ட் மங்கியிருக்கிறது, டயர் தேய்ந்திருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியும். விலையில் கழித்துப் பேசலாம். எஞ்சினில் அது நடக்காது. சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்று வையுங்கள். வால்வ் சீல் தேய்ந்ததால் வந்தால் தாங்கக்கூடிய செலவு. பிஸ்டன் ரிங் தேய்ந்ததால் வந்தால் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். புகை இரண்டுக்கும் ஒன்றுதான்; அது வரும் நேரம்தான் வேறு. அதனால் 'புகை இருக்கா, சத்தம் இருக்கா' என்று மட்டும் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தால்தான் வாங்கலாமா, விலை குறைக்கலாமா, திரும்பி வந்துவிடலாமா என்று முடிவெடுக்க முடியும்.

நம்ம ஊர் கார் கன்சல்டிங்குகளில் அதிகம் கைமாறும் வண்டிகளை மனதில் வைத்தே இங்கே சொல்கிறோம்: மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல், ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் டீசல், ஹூண்டாயின் சின்ன கார்கள், பழைய இன்னோவா.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், வெள்ளைத் துணி, டிஷ்யூ பேப்பர், புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் கருவி; ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே போதும்), ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர். முதல் நாளே போன் செய்து, "காலையில் வர்றோம், நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருக்கிறது

பானட்டைத் திறந்ததும் டேப்பட் கவரையும் ரேடியேட்டர் மேல் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஓபிடியை மாட்டி சாவியை ஆன் செய்தால் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் தெரியும். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்று 30 டிகிரி, கூலன்ட் 60 டிகிரி என்றால் கொஞ்ச நேரம் முன்பு யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

"இடத்தை மாத்தி நிறுத்தினேன்" என்று சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காலை நீலப் புகை, செயின் கலகலப்பு, நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆவது, டீசல் இன்ஜெக்டர் அடி எல்லாமே ஆறிய எஞ்சினில்தான் வெளிப்படும். மறுநாள் காலை மறுபடி வருகிறோம் என்று சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு அறிகுறி.

எஞ்சின் கழுவிப் பளபளவென்று இருக்கிறது

பாலிஷ் அடித்த எஞ்சினில் ஆயில் கசிவு தெரியாது. அப்படிப்பட்ட வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவாத எஞ்சினில் தூசி ஒட்டிய பழைய கசிவு அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு அதுதான் வசதி.

கசிவு எங்கே என்பதுதான் கேள்வி. டேப்பட் கவர் ஓரத்தில் ஈரம் என்றால் கேஸ்கெட் மாற்றும் சின்ன வேலை. டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர் பக்கம் என்றால் அதைவிடச் சின்னது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டுகிறதா? அது கிராங்க் பின்பக்க ஆயில் சீல். சீல் விலை சொற்பம்தான், ஆனால் கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது. கிளட்ச் தேய்ந்த வண்டியாக இருந்தால் இரண்டையும் ஒரே கூலியில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். ஹெட்டும் (எஞ்சினின் மேல்பகுதி) பிளாக்கும் சேரும் கோட்டில் ஆயிலோ, காய்ந்த கூலன்ட் கறையோ இருந்தால் மட்டும் கவனம். அங்கே கை வைத்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆயில் கம்பியில் தெரிவது

ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். பெட்ரோலில் கரிக்கறுப்பாக, விரலில் நறநறவென்று இருந்தால் நேரத்துக்கு ஆயில் மாற்றவில்லை. தேன் நிறத்தில் புத்தம் புதிதாக இருந்தால் மகிழவும் வேண்டாம். விற்பதற்காக நேற்று மாற்றியதாக இருக்கலாம். டேப்பட் கவரில் ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே கேம் ஷாஃப்ட் பக்கம் பழுப்பு வார்னிஷ் படிந்திருப்பது வயதுக்கு ஏற்றது. கெட்டியான கறுப்புத் தார் படிந்திருந்தால் புது ஆயில் அதை மறைக்காது.

ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை வருகிறது என்றால் எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டால் நடுவில் கறுப்பும் சுற்றிலும் ஈரமான வெளிறிய வளையமும் பரவும். இன்ஜெக்டர் ஒழுகலாம். பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசலாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரைச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். வண்டி நகருக்குள்ளேயே ஓடி அந்தச் சுற்று பாதியில் நின்றுகொண்டே இருந்தால் அந்த டீசல் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்னும்.

ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இங்கே ஒரு பிரிவு. மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெண்ணெய்ப் படலம், கம்பியில் சுத்தமான ஆயில் என்றால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தால் வருவது. நீண்ட ஓட்டத்தில் போய்விடும். கம்பியிலும் வெளுத்திருந்தால் ஸ்டார்ட்கூட செய்ய வேண்டாம். ஆயிலில் மினுமினுப்பான உலோகத் துகள் மிதந்தாலும் அதேதான்.

கம்பியில் ஆயில் அசாதாரணமாகக் கெட்டியாக, இழுத்தால் நூல் போல வருகிறதா? 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய எஞ்சினில் 20டபிள்யூ-50 அல்லது கெட்டியாக்கும் கலவையை ஊற்றியிருக்கலாம். புகையையும் பேரிங் சத்தத்தையும் சில நாள் அடக்கி வைக்க இது பழைய வழி.

கூலன்ட் டப்பாவில் துருநிறத் தண்ணீர், எண்ணெய்ப் படலம், குமிழி

பச்சை, சிவப்பு, நீலம், எந்த நிறமானாலும் கூலன்ட் தெளிவாக இருக்க வேண்டும். துருநிறத்தில் இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது சர்வசாதாரணம். அலுமினிய ஹெட்டின் நீர்ப்பாதை அரித்து, ரேடியேட்டர் குழாய்கள் உப்படைத்து, நடுவெயிலில் ஏசி போட்டதும் ஹீட் ஆகும். மேலே எண்ணெய் மிதந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஆயில் கூலர் உள்ள டீசல்களில் கூலர் உள்ளே உடைந்திருக்கலாம். கூலர் மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

ஹெட் கேஸ்கெட்டைப் பிடிக்க இரண்டு சோதனை போதும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஒன்றிரண்டு காற்றுக் குமிழி வந்து நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. விடாமல் பொங்கிப் பொங்கி வந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதிகமானால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. அடுத்தது, மூடியைப் போட்டு, ஆறிய எஞ்சினை ஓடவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாதபோதே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருவது. சந்தேகம் மிஞ்சினால் மெக்கானிக்கிடம் கேஸ்கெட் சோதனைத் திரவம் இருக்கும்; ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்று பட்டு நீலம் மஞ்சளாக மாறினால் முடிவு தெரிந்துவிட்டது. ஓடி வந்த வண்டியில் மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது, கை வெந்துவிடும்.

சாவி போட்டதும்

சாவியை ஆன் நிலையில் நிறுத்துங்கள். எஞ்சின் விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் நிலையிலேயே எஞ்சின் விளக்கு எரியவில்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். ஆயில் விளக்கு ஸ்டார்ட் ஆன பிறகும் மூன்று நான்கு விநாடி எரிந்தால், அல்லது சூடான பிறகு ஐட்லிங்கில் மினுக்கினால், கேஜ் மாட்டி ஆயில் பிரஷரைப் பார்க்காமல் பேச்சு வேண்டாம். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கைக்கணக்கு.

செல்ஃப் அடிக்கும் சத்தத்தையும் கேளுங்கள். எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்தால் ஒரே தாளத்தில் சுற்றும். 'ர்ர்-ர்ர்-ர்ர்-விர்' என்று ஒரு இடத்தில் மட்டும் எளிதாக வழுக்கினால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. மெதுவாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்: நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அருகே, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகாமல், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை.

பெட்ரோல் ஓரிரு விநாடியில் பிடிக்க வேண்டும். டீசல் ஐந்தாறு விநாடி எடுத்தால், "ஹீட்டர் பிளக் போச்சு, மாத்தினா சரியாயிடும்" என்பார்கள். சென்னை, மதுரை வெப்பத்தில் காமன் ரயில் டீசல் ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். இங்கே நேரம் எடுத்தால் இன்ஜெக்டர் வழியாக டீசல் ரிட்டர்ன் போய் ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) ஏறவில்லை, அல்லது டீசல் லைனில் காற்று நுழைகிறது, அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. ஹீட்டர் பிளக் கதையை ஊட்டியில் நம்பலாம்.

புகை

ஒருவர் வண்டியில், ஒருவர் பின்னால். வெளிச்சத்தில் நில்லுங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து, சில விநாடியில் நின்றுவிட்டால் வால்வ் சீல்: இரவில் ஆயில் வால்வ் தண்டு வழியாகச் சொட்டிச் சிலிண்டரில் இறங்கியிருக்கிறது. இதையே சூடான எஞ்சினில் சரிபார்க்க, ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஒருமுறை மிதியுங்கள். அப்போது மட்டும் கொத்தாக வரும். இன்னொரு வழி, மூன்றாவது கியரில் 60-லிருந்து 30 வரை ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் பிரேக்கில் இறங்கி, மறுபடி மிதிப்பது. அப்போது புகை வந்தால் வால்வ் சீல் அல்லது கைடு (வால்வ் தண்டு ஓடும் குழல்). மிதிக்க மிதிக்க, லோடு ஏற ஏற விடாமல் நீலம் தள்ளினால் ரிங், போர் (சிலிண்டரின் உட்சுவர்). இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் வண்டி விலையில் உங்கள் பேரம்.

டர்போ டீசலில் நீலப் புகைக்கு டர்போவும் காரணமாகலாம். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் பூசியிருப்பது வழக்கம். தேங்கி வழிந்தால் டர்போ ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் நூலளவு ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆட்டமே இருக்கக் கூடாது.

வெள்ளைப் புகையில் அவசரப்பட வேண்டாம். குளிர்காலக் காலையில் சைலன்சரில் இருக்கும் நீராவி இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். சென்னை மாதிரி இடத்தில் அதுவும் அதிகம் தெரியாது. சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது; மேலே சொன்ன குமிழி சோதனையோடு பொருத்திப் பாருங்கள். டீசலில் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல்: இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன்.

கறுப்புப் புகை டீசலில் பயமுறுத்தும், ஆனால் மூன்றில் இது எளிதானது. பிஎஸ்3, பிஎஸ்4 டீசல் முழு மிதியில் கொஞ்சம் கறுப்புத் தள்ளும். தொடர்ந்து தள்ளினால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல், திறந்தே சிக்கிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வ் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கு அனுப்புவது) என்ற வரிசையில் பாருங்கள், கடைசியாக இன்ஜெக்டர். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பிஎஸ்6 டீசலில் டி.பி.எஃப். உண்டு. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்தால் கரி ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது அடைத்துக்கொண்டதும் உள்ளே இருந்ததை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கிறார்கள். புதிது வாங்கினால் சின்ன செலவு அல்ல.

சத்தம்

முதல் ஐந்து விநாடியைத் தவற விடாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் கியர்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம், பெல்ட் ஓடும் பக்கத்தில் 'சரசர கலகல' என்று ஒரு விநாடி வந்து நின்றால், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் பிரஷர் ஏறும் நேரம். ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 டீசலில் அது நிற்காமல் தொடர்ந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிலை நாள் கடத்தி மாற்றிய வண்டிகளுக்கு வரும் நோய் இது. செயின், டென்ஷனர், கைடு எல்லாம் சேர்த்து மாற்றுவதுதான் வழி. அப்படியே ஓட்டினால் செயின் பல் தாண்டி வால்வும் பிஸ்டனும் மோதும். ஓபிடியில் பி0016 என்ற எண் வந்தால் கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று தள்ளிப்போயிருக்கின்றன. காதில் கேட்டதை அது உறுதி செய்கிறது.

மேலே, ஹெட் பக்கம் மெல்லிய 'டிக் டிக்': டேப்பட். சில விநாடியில் மறைந்தால் விட்டுவிடலாம். மறையவில்லை என்றால் கிளியரன்ஸ் அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய எஞ்சினா என்று பாருங்கள்; ஹோண்டா பெட்ரோலில் அது வழக்கமான சர்வீஸ் வேலை. இதே 'டிக் டிக்' எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதினாலும் வரும். ஆறிய நேரம் சத்தமாகவும், உலோகம் சூடேறி விரிந்ததும் அமுங்கியும் இருக்கும். மேனிஃபோல்ட் ஓரத்தில் கரிக்கோடு தெரியும்.

டீசலில் 'சுஃப்… சுஃப்…' என்று இன்ஜெக்டர் பக்கம் ஊதும் சத்தத்தைத் தனியாகத் தேடுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தார் உறைந்திருக்கும். அடியில் உள்ள செம்பு வாஷர் கசிகிறது. பழைய இன்னோவாவில் இதைக் கட்டாயம் பாருங்கள். வாஷர் விலை ஒன்றுமில்லை. தார் இறுகி இன்ஜெக்டர் கழன்று வராமல் போனால்தான் செலவு.

இன்ஜெக்டரே அடிக்கிறது என்று சந்தேகமா? எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராக மெக்கானிக் கழற்றட்டும். எதைக் கழற்றியதும் அடி நிற்கிறதோ அந்தச் சிலிண்டர். பிறகு நான்கு ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு ஓட்டினால், ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் இன்ஜெக்டர் தேய்ந்தது.

கீழே, சம்ப் பக்கமிருந்து 'டொக் டொக்' என்று கனமாக அடித்தால் அதோடு பார்வையை முடித்துக்கொள்ளலாம். சூடான எஞ்சினில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி, சட்டென்று விடுங்கள்; விடும் நொடியில் தெளிவாகக் கேட்கும். கனெக்டிங் ராடு பேரிங். பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது) இதற்கு நேர் எதிர்: ஆறிய நேரத்தில் பலமாக இருந்து, சூடேறச் சூடேறக் குறையும்.

ஸ்க்ரூடிரைவர் முனையைப் பகுதியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்தால் சத்தம் எங்கே என்று பிரித்துவிடலாம். விசிறி, பெல்ட் பக்கம் கை, துணி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊளைச் சத்தம் வெளி பெல்ட்டிலிருந்து என்றால் சில சொட்டுத் தண்ணீர் தெளித்ததும் மாறும். மாறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், ஐட்லர், ஏசி கம்ப்ரஸர் பேரிங்குகளில் ஒன்று. அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயில் மூடி துள்ளுகிறது

சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக வாயின் மேல் வையுங்கள். பெட்ரோலில் மூடி அப்படியே இருக்கும், லேசாக உள்ளே இழுக்கவும் செய்யும். டீசலில் கொஞ்சம் நடுங்கும். துள்ளிக் கீழே விழுந்து, வாயிலிருந்து சீராகப் புகை வந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

உடனே 'எஞ்சின் போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயும் பி.சி.வி. வால்வும் அடைத்திருந்தால் நல்ல எஞ்சினிலும் இது நடக்கும். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் துள்ளினால், லோடில் நீலப் புகையும் சேர்ந்திருந்தால், சந்தேகம் வேண்டாம்.

ஐட்லிங்கில் உதறல், மிஸ்ஸிங்

ஆல்டோ கே10, க்விட், டியாகோ பெட்ரோல் எல்லாம் மூன்று சிலிண்டர், இயல்பாகவே உதறும். ஸ்விஃப்ட் கே12, ஐ20, சிட்டி போன்ற நான்கு சிலிண்டரில் அதே உதறல் வந்தால் காரணம் தேட வேண்டும். சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். காற்று சீராக அடித்தால் எஞ்சின் சரி, மவுண்டிங் போயிருக்கிறது. இடையிடையே காகிதம் உள்ளே இழுத்தால் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஓபிடியில் பி0301, பி0302 என்று சிலிண்டர் எண்ணோடு கோடு (பிழை எண்) வந்தால், அந்தச் சிலிண்டரின் காயிலை அடுத்ததில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோடு காயிலோடு நகர்ந்தால் காயில்தான். பிளக்கையும் அப்படியே. இரண்டும் நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்காதீர்கள். கேஸ் கிட் போட்டு நெடுநாள் ஓடிய பெட்ரோல் வண்டியில் வால்வ் சீட் தேய்ந்து இப்படி ஆவதுண்டு.

ஹீட்

ஏசியை முழுதாகப் போட்டு, வெயிலில், 20 முதல் 30 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். பல சின்ன கார்களில் வெப்ப ஊசி கிடையாது, நீல-சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு எரிவதற்குள் காலம் கடந்துவிடும். அதனால் ஓபிடியில் எண்ணைப் பாருங்கள். 85-க்கும் 100-க்கும் இடையே நின்றால் நல்லது. 105 தாண்டி ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள்.

ஏறாமல் இருப்பதும் சந்தேகத்துக்குரியதே. நெடுஞ்சாலையில் ஓடும்போது 70 டிகிரிக்குக் கீழேயே நிற்கிறது, சாவி போட்டதிலிருந்து ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஃபேனை டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள். (ஏசி போட்டால் ஃபேன் ஓடுவது இயல்பு, ஏசியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.) 'கூலா ஓடும்' என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. ஏன் அப்படிச் செய்ய வேண்டி வந்தது என்று கேளுங்கள். அடைத்த ரேடியேட்டரையோ, வளைந்த ஹெட்டையோ மறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

பிக்கப் இல்லை

மூன்றாவது கியரில் 30-லிருந்து 80 வரை முழு மிதி. ஒரு மேம்பாலம் கிடைத்தால் இன்னும் நல்லது. 1.3 டீசல் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாக இருப்பது அதன் குணம். அதற்கு மேலும் இழுக்கவில்லை, 3,000-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிட்டது. பி0299 இருந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை, பி0087 இருந்தால் ரயில் பிரஷர் போதவில்லை. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள், கிளட்ச் வழுக்குகிறது.

ஸ்கேனரில் கோடே இல்லை

ரொம்பச் சுத்தமாக இருந்தால் இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். 'கோடு அழித்த பின் ஓடிய தூரம்' என்ற தகவலைப் பல கார்கள் தரும். 80,000 ஓடிய வண்டியில் அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்காகவே அழித்திருக்கிறார்கள். ரெடினெஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) 'முடியவில்லை' என்று நின்றாலும் அதே அர்த்தம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பெட்ரோலில் நீண்டகால ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளில் செய்யும் திருத்தம்) பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியோ குறைத்தோ நின்றால் எங்கோ காற்றுக் கசிவு, அல்லது எரிபொருள், சென்சார் பிரச்சினை.

சந்தேகம் தீராதபோது: கம்ப்ரஷன்

இதை மெக்கானிக் ஷெட்டில் செய்யுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு சுற்று. பெட்ரோலில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை பொதுவானது. டீசலில் ஹீட்டர் பிளக் துளை வழியாக 300-க்கு மேல் காட்டும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில், பெட்ரோலாக இருந்தால் மட்டும், 5 முதல் 10 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. டீசலில் ஆயில் விட்டுப் பார்க்கக் கூடாது. இடம் மிகக் குறைவு, ராடு வளைந்துவிடும்.

ஒரு சிலிண்டர் குறைவு, ஆனால் காற்றை ஏற்றிப் பார்த்தால் எங்கும் கசிவு இல்லை. இப்படி ஒரு முரண் வந்தால் ராடு ஏற்கெனவே வளைந்திருக்கலாம். பிஸ்டன் மேலே முழுதாக ஏறவில்லை. வெள்ளத்தில் ஓட்டித் தண்ணீரை உறிஞ்சிய வண்டிகளின் அடையாளம் இது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லையிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து சந்தைக்கு வந்துவிட்டன. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் சேற்றுக்கோடு, ஆல்டர்னேட்டர் இடுக்கில் மணல், கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் கறை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சோதனையில் தெரியாதவை

டைமிங் பெல்ட் அறுவதற்கு முன் சத்தம் போடாது. மாருதி 800, ஆல்டோ 800, பழைய ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல், சான்ட்ரோ ஜிங், 2.5 லிட்டர் இன்னோவா எல்லாம் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்து, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் செலவை விலையில் கழியுங்கள்.

கடைசியாக, எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, போட்டோ எடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மாற்று எஞ்சின் போட்டது குற்றமில்லை, ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத எண்ணோடு பெயர் மாற்றத்துக்குப் போய் நின்றால், மேலே சொன்ன எந்தச் சோதனையில் தேறிய எஞ்சினும் உங்களுக்கு உதவாது. எண் இருக்கும் இடத்தில் தேய்த்த தடம், புதிதாக அடித்த எழுத்து தெரிந்தால் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.